ரப்பர் இல்லாத வகுப்பு

என் செல்ல மூத்தவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் சவுக்கியம், என் முழங்காலைத் தவிர, அது தன் சேதியைத் தனியாக உனக்கு எழுதிக்கொள்ளட்டும். நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, ஒழுங்காகத் தூங்கி, அந்தச் சுரங்கத்துக்குள்ளே ஹெல்மெட்டைக் கழற்றாமல் சுகமாக இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். போன கடிதத்தில் இருமல் இருக்கிறது என்று ஒரே ஒரு வரி, அப்புறம் மலையைப் பற்றி ஒரு பக்கம். மலை எங்கேயும் போகாது, இருமலைப் பற்றி எழுதுடா. உன் அப்பா வழக்கம்போல ஆஸ்பத்திரி லிஃப்டில் மேலே போய்க் கீழே வந்துகொண்டிருக்கிறார். அங்கே புது லிஃப்ட் போட்டிருக்கிறார்கள், அது தானாகவே ஒரு பெண் குரலில் முதல் மாடி, இரண்டாம் மாடி என்று சொல்கிறது. இத்தனை வருஷமாக அதைச் சொன்னது அவர் வாய் அல்லவா, மனுஷனுக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்தக் குரல் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறாராம். பழக்கதோஷம், நான் அடுப்பங்கரைக்குள் நுழைந்தால்கூடச் சில நாள் பின்னால் நின்று 'சமையல் பிரிவு' என்று அறிவிக்கிறார்.

உன்னிடம் ஒரு பெரிய விஷயம் சொல்ல வேண்டும். பதறாதே, கெட்டது இல்லை. உன் தங்கை வாண்டுவுக்கு மேற்படிப்பா வேலையா என்று இழுபறியாகக் கிடந்த விஷயம். நீ இருக்கிற இடத்தில் போன் எடுத்தால்தானே சுடச்சுடச் சொல்ல, மாதத்துக்கு ஒரு தடவை வருகிற கம்பெனி வண்டியை நம்பித்தான் எல்லாம் கிடக்கிறது. அதனால் நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். நீ கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டுகிற ஆள் என்று எனக்குத் தெரியும், அப்படிப் புரட்டினால் என் கையெழுத்து உனக்குப் புரியாமல் போகட்டும்.

வாண்டு நீ படித்த அதே தொழிற்பள்ளியில் ஏசி, ஃபிரிட்ஜ் பிரிவில் கடைசி வருஷம் அல்லவா. அங்கே பாதி நாள் பட்டறை, மிச்ச நேரத்தில்தான் பாடம், கணக்குப் புத்தகம் நடுப்பக்கத்தைத் தாண்டுவதற்குள் வருஷம் முடிந்துவிடும் என்பது உனக்குத் தெரியாததா. மற்றப் பள்ளிப் பிள்ளைகள் டியூஷன் டியூஷன் என்று ஓடி ஓடித் தயாராகி இன்ஜினியரிங் காலேஜ் நுழைவுத் தேர்வுக்கு வருவார்கள், நம் பிள்ளைகள் நகத்தில் கிரீஸோடு போய்ப் பக்கத்தில் உட்காருவார்கள். இந்த வருஷம் அந்தக் காலேஜே ஒரு நல்ல காரியம் செய்தது. தொழிற்பள்ளியில் கெட்டிக்காரர்களாக இருந்தும் வீட்டில் வசதி இல்லாத பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்து, பள்ளி விட்ட பிறகும் சனிக்கிழமைகளிலும் அங்கேயே வந்து வகுப்பு நடத்தினார்கள். புத்தகம் அவர்களே கொடுத்தார்கள், விண்ணப்பம் போடுவதற்குக் கூடவே உட்கார்ந்து உதவினார்கள், தேறினால் படிப்புச் செலவும் அவர்களுடையது என்றார்கள், சாயங்காலம் டீயும் பன்னும் வேறு. வாண்டு பன்னுக்காகத்தான் பெயர் கொடுத்தாள் என்று உன் அப்பா கிண்டல் செய்துகொண்டிருந்தார். ஆனால் ஒரு நாள், வால்வைத் திறந்துவிட்டால் குழாய் ஜில்லென்று ஆகிறதே, அது ஏன் ஆகிறது, எவ்வளவு ஆகும் என்று அந்த வகுப்புக் கணக்கு டீச்சர் போர்டில் போட்டுக் காட்டியிருக்கிறாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் தட்டில் சாப்பாடு ஆறி அவலாகிற வரைக்கும் பேசினாள். அம்மா, நான் மத்தவங்க செஞ்ச மெஷினை ரிப்பேர் பண்ணிட்டே இருக்கப் போறதில்ல, நானே ஒண்ணை வரைஞ்சு செய்யப் போறேன் என்றாள். சொல்லும்போது கண் இரண்டும் பல்பு மாதிரி எரிந்தது. சரி சரி முதலில் சாப்பிடு என்றேன்.

இதற்கு நடுவில் காய்கறிக் குளிர்கிடங்கு சூப்பர்வைசர் பள்ளிக்கு வந்து இவள் கைவேலையைப் பார்த்துவிட்டு, படிப்பு முடிந்ததும் எங்களிடமே வந்துவிடு, மாதக் கடைசிக்குள் பதில் சொல்லிவிடு என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனுஷன், நல்ல வேலை, குறை சொல்ல ஒன்றும் இல்லை. வாண்டு இரண்டு பக்கமும் கால் வைத்துக்கொண்டு நின்றாள். வகுப்பில் ஒரு பயிற்சித் தேர்வு வைப்பார்கள், அதில் நன்றாகச் செய்தால் காலேஜ், சொதப்பினால் கிடங்கு என்று அவளே தனக்குள் முடிவு கட்டிக்கொண்டாள். நாங்கள் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் மட்டும் கேட்டுவிடுகிற பிள்ளையா அது.

இப்போது பஸ்ஸுக்கு வா. அந்தக் கணக்கு டீச்சர் என் வண்டியில்தான் போய் வருகிறவள் என்பது அதுவரைக்கும் எனக்குத் தெரியாது. சின்னப் பெண், தோளில் பெரிய பை, எப்போதும் பாக்கிச் சில்லறையை வாங்க மறந்துவிட்டு இறங்குகிறவள், அவ்வளவுதான் அறிமுகம். பயிற்சித் தேர்வு முடிந்த மறு சாயங்காலம் முன்சீட்டில் இன்னொரு டீச்சரோடு உட்கார்ந்து, மடியில் விடைத்தாள்களை வைத்துக்கொண்டு அழாத குறையாகப் பேசிக்கொண்டிருந்தாள். நான் பின்னால் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருக்கிறேன், காது மட்டும் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டது. பாதித் தாள் வெறும் வெள்ளைடி, வகுப்புல கேட்டா டாண் டாண்ணு சொல்றாங்க, பேப்பர்ல ஒண்ணுமே இல்ல, தெரியலைன்னு வெச்சுட்டாங்களா, எழுதவே பிடிக்கலையா, அந்த ஏசி பிரிவுப் பொண்ணு இருக்காளே, அவகூட ரெண்டே ரெண்டு கணக்குத்தான் போட்டிருக்கா, எனக்குத்தான் சொல்லிக்கொடுக்கத் தெரியலை போல என்கிறாள். எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. டீச்சர் மேல் இல்லை, என் வீட்டு மகாராணி மேல். அந்தக் கோபத்தில் நான் விசில் அடிக்க மறந்துபோய், மார்க்கெட் ஸ்டாப்பில் இறங்க வேண்டிய கூட்டத்தை நம் சிடுமூஞ்சி டிரைவர் அடுத்த ஸ்டாப் வரைக்கும் கொண்டுபோய்விட்டார். வண்டியே கத்துகிறது. முட்டைத் தட்டு வைத்திருந்த ஒரு அம்மாள் என்னைத் திட்டின திட்டு இருக்கிறதே, எழுதினால் இந்தக் காகிதம் கூசும்.

வீட்டுக்கு வந்ததும் சீருடையைக்கூட மாற்றவில்லை, வாசலிலேயே ஆரம்பித்துவிட்டேன். ஏண்டி, பன் தின்னத்தான் போனியா, வெள்ளைத் தாளைக் கொடுத்துட்டு வர்றதுக்கா அந்தப் பொண்ணு தினம் பஸ்ஸுல இடிபட்டு வர்றா என்று கத்தினேன். வாண்டு துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கையில் இருந்த துணியை உதறு உதறு என்று உதறினாள். அப்புறம் ஒரேயடியாகப் பொரிந்தாள். நான் சும்மாவா உக்காந்திருந்தேன், எல்லாக் கணக்கும் போட்டேன், கடைசி ரெண்டு வரியில நிக்குது, விடை வரலை, அதனால அழிச்சேன், முடிக்காத வேலையை எப்படிம்மா மேசையில வைக்கிறது என்றாள். எனக்கு முதலில் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. அப்புறம்தான் விளக்கினாள். பட்டறையில் பாதி ஒட்டின குழாயை மேசையில் வைத்தால் பட்டறை சார் உயிரை எடுத்துவிடுவாராம். முடிந்துவிட்டது என்று நினைத்து வேறு யாராவது அதில் கேஸ் ஏற்றினால் என்ன ஆகிறது? அதனால் முடித்தால் மேசை, முடிக்காவிட்டால் கழிவுப் பெட்டி, நடுவில் ஒன்றுமே கிடையாது. சேர்ந்த முதல் நாளிலிருந்து மூளைக்குள் ஆணி அடித்து இறக்கின பாடம் அது. இவள் மட்டும் இல்லை, அந்த வகுப்பே அப்படித்தான் செய்திருக்கிறது. கடைசி விடை வராத கணக்கையெல்லாம் ரப்பர் தேயத் தேய அழித்துவிட்டு, தாளைச் சுத்தமாக, மரியாதையாகக் கொடுத்திருக்கிறார்கள். அசடுகளா என்று திட்ட வாயெடுத்தேன், சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு முடிக்க வராதும்மா, முடிக்கத் தெரியாதவ காலேஜுக்குப் போய் என்ன பண்ண, நான் கிடங்குக்கே போறேன், திங்கட்கிழமை சொல்லிடறேன் என்று உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமைக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை இருந்ததே, அதுதான் நம்மைக் காப்பாற்றியது. காலை வண்டியில் டீச்சர் ஏறினதும் பக்கத்தில் போய், டீச்சர், அந்த ரெண்டு கணக்குப் போட்ட பொண்ணு என் பொண்ணுதான் என்றேன். அவள் பதறி எழுந்து மேல்கம்பியில் நங்கென்று தலையை இடித்துக்கொண்டாள். பாவம், நான் சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள் போல. உட்காரும்மா என்று தோளைப் பிடித்து உட்கார வைத்து, வாண்டு சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்! பையிலிருந்து ஒரு விடைத்தாளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். அழித்த இடத்தில் பென்சில் அழுந்தின தடம் வரி வரியாகத் தெரிந்தது. இதோ இருக்கே, இதோ இருக்கே, இது வரைக்கும் எல்லாமே சரி, இதுக்கே முக்கால்வாசி மார்க் போட்டிருப்பேனே என்று சிரிக்கிறாள், கண்ணைத் துடைக்கிறாள், மறுபடி சிரிக்கிறாள். வண்டியில் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். நுழைவுத் தேர்வில் விடை வந்தால்தான் மார்க் என்று இல்லையாம், ஒவ்வொரு வரிக்கும் மார்க் உண்டாம். இது டியூஷன் போகிற பிள்ளைகளுக்கெல்லாம் தெரியுமாம், தெரியும் என்பதால் யாரும் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதே இல்லையாம்.

டீச்சர் நேராகப் பட்டறை சாரிடம் போயிருக்கிறாள். அவர் முரட்டு ஆளே தவிர கெட்ட ஆள் இல்லை என்பது உனக்கே தெரியும். அன்றைக்கு வகுப்பைப் பட்டறையிலேயே வைத்து, அவரே முன்னால் நின்று, நான் சொன்னது குழாய்க்கு, கணக்குக்கு இல்ல, இந்த டீச்சர் மேசையில பாதி வேலையையும் வைக்கலாம், அவங்க அதுல கேஸ் ஏத்தப் போறதில்ல என்றாராம். பிள்ளைகள் நம்பினால்தானே! வெல்டிங் பிரிவுப் பையன் ஒருவன் எழுந்து, அது ஏமாத்துறது ஆகாதா சார் என்று கேட்டிருக்கிறான். பேசிப் பிரயோஜனம் இல்லை என்று தெரிந்துகொண்ட டீச்சர், ஒரு பிஸ்கட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வரிசை வரிசையாகப் போய் எல்லோர் ரப்பரையும் பிடுங்கிப் போட்டுக்கொண்டுவிட்டாள். தேர்வு முடிகிற வரைக்கும் இந்த வகுப்பில் ரப்பர் கிடையாது, தப்பு என்றால் ஒரு கோடு அடித்துவிட்டு மேலே போ என்று கட்டளை. வாண்டு தன் ரப்பரைக் கொடுக்காமல் கைக்குள் மூடிக்கொண்டு மல்லுக்கட்டினாளாம். அதே தாளை ரப்பர் இல்லாமல் மறுபடி எழுதச் சொன்னார்கள். இவள் வாங்கின மார்க்கைப் பார்த்து இவளே தலையைச் சொறிந்தாள்.

திங்கட்கிழமை சூப்பர்வைசரிடம் போனாள். காலேஜுக்கு எழுதப் போறேன் சார், ரிசல்ட் வர்ற வரைக்கும் காத்திருக்க முடியுமா என்று கேட்டாளாம். அவர் நல்லபடியாகத்தான் பேசினார், ஆனால் சீசன் தொடங்குது, எனக்கு ஆள் வேணும்மா என்று சொல்லிவிட்டு அவள் வகுப்புப் பையன் ஒருவனை எடுத்துக்கொண்டார். அவர் மேல் தப்பில்லை. ஆக, கையில் இருந்ததும் போய்விட்டது. அன்றிலிருந்து வீட்டில் யாரும் வேலை என்கிற வார்த்தையை உச்சரிக்கவில்லை. உன் அப்பா அவளுக்குத் தினம் ஒரு முட்டை வேகவைத்து உரித்து வைத்துவிட்டுப் போவார். நான் பேசாமல் இருக்கப் பழகினேன், அது எனக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்று உனக்குத் தெரியும்.

தேர்வு அன்றைக்கு ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு நானும் போனேன். பெரிய கேட், உள்ளே புல்வெளி, காரில் வந்து இறங்குகிற பிள்ளைகள். நம் பட்டறைப் பிள்ளைகள் ஒரு மரத்தடியில் கொத்தாக நின்றார்கள், டீச்சர் தாய்க்கோழி மாதிரி சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வொருவர் பையையும் தடவிப் பார்த்தாள், ரப்பர் இருக்கிறதா என்று! முடித்துவிட்டு வெளியே வந்த வாண்டு முகம் செத்துப்போயிருந்தது. கடைசிக் கணக்கும்மா, பாதியில நின்னுடுச்சு, அப்படியே வெச்சுட்டு வந்துட்டேன், என் பேர் போட்ட பேப்பர்ல முடிக்காத வேலை இருக்கும்மா என்று என் தோளில் விழுந்து அழுதாள். ஏதோ திருடிவிட்டு வந்தவள் மாதிரி அழுகிறாள். குளிராக ஏதாவது குடிக்கிறாயா என்றால் வேண்டாம் என்றாள், அப்புறம் இரண்டு குடித்தாள்.

இனி இழுக்க மாட்டேன். இடம் கிடைத்துவிட்டது கண்ணா! உன் தங்கை காலேஜுக்குப் போகிறாள்! படிப்புச் செலவு முழுக்க அவர்கள் பொறுப்பு. சேதியைக் கொண்டுவந்தது டீச்சர்தான். டிப்போவுக்குள் மூச்சு வாங்க ஓடி வந்து, நின்றுகொண்டிருந்த வண்டிகளுக்கு நடுவில் என்னைத் தேடிக் கண்டுபிடித்துக் கட்டிக்கொண்டாள். இவளோடு வகுப்பில் இன்னும் பல பேருக்குக் கிடைத்திருக்கிறது, ஏமாற்றுவது ஆகாதா என்று கேட்டானே, அந்த வெல்டிங் பையனுக்கும்! வாண்டுவுக்கு அந்தப் பாதியில் நின்ற கடைசிக் கணக்கின் மார்க்தான் கோட்டைத் தாண்ட வைத்ததாம், இல்லாவிட்டால் மயிரிழையில் போயிருக்கும் என்றாள். நான் விசிலை எடுத்து ஊதினேன் பாரு, டிப்போ மேனேஜர் ஜன்னலைத் திறந்து என்ன விபத்து என்று கேட்டார். சிடுமூஞ்சி டிரைவர் பல் தெரியச் சிரித்தார், அவருக்குப் பல் இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அந்த டிரிப்பில் ஏறின அத்தனை பேருக்கும் டிக்கெட்டோடு சேதியையும் சேர்த்தே கொடுத்தேன். உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா, லிஃப்டில் அந்தப் பெண் குரல் மூன்றாம் மாடி என்று சொன்ன கையோடு, எலும்புப் பிரிவு, என் பொண்ணுக்குக் காலேஜ்ல இடம் கிடைச்சிருக்கு என்று சொல்லியிருக்கிறார். எல்லா மாடியிலும். காலில் கட்டுப் போட்ட ஒருவர் கைதட்டினாராம்.

சாயங்காலம் எல்லோரும் சந்தோஷமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். உன் அப்பா கையை அப்படியே வைத்துக்கொண்டு, அப்போ பெரியவன் அன்னைக்குக் கொடுத்ததும் வெள்ளைத் தாள்தானே என்றார். நீயும் அதே பட்டறை, அதே சார். நீயும் அதே தேர்வை எழுதிவிட்டு வந்து, படிப்பு எனக்கு வராதும்மா, விட்டுடு என்று சொன்னாய், சொல்லிவிட்டு மலையைக் குடையப் போய்விட்டாய். உனக்கு அப்போது இந்த வகுப்பும் இல்லை, ரப்பரைப் பிடுங்க ஒரு டீச்சரும் இல்லை. வாண்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். அண்ணன் வெச்சிருந்த ரப்பர் என்னோடதைவிடப் பெருசும்மா என்றாள். நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம், அழுதோம், இரண்டும் சேர்ந்தே வந்தது. உனக்குப் படிப்பு வராமல் இல்லடா கண்ணா. வந்ததை நீ அழித்துவிட்டுக் கொடுத்தாய், அவ்வளவுதான். இதை நேரில் சொல்ல நாக்குத் துறுதுறுக்கிறது, கடிதத்தில்தான் சொல்ல வாய்த்தது.

டீச்சரிடம் கேட்டுவிட்டேன், நான் கேட்காமல் இருப்பேனா. பழைய மாணவர்களும் எழுதலாம், வேலையில் இருக்கிறவர்களுக்கு என்றே கொஞ்சம் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள், வயது ஒரு தடையே இல்லை. போன் எடுக்காத இடம் என்றால் பரவாயில்லை, தபாலில் கேள்வித்தாள் அனுப்புகிறேன், திருத்தித் தபாலிலேயே திருப்புகிறேன் என்றாள். உன்னைக் கேட்காமலே அவள் வகுப்பில் உனக்கும் ஒரு சீட் போட்டுவிட்டேன், கோபம் வந்தால் லீவில் வந்து சண்டை போடு. உன் கை வேலைக்கு நான் குறை சொல்லவில்லை, நீ பற்றவைத்த குழாயில்தான் அந்தச் சுரங்கத்துக்கே காற்றுப் போகிறது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவள் நான். உனக்கு வேண்டாம் என்றால் வேண்டாம், வராது என்று மட்டும் சொல்லாதே.

நீ நன்றாக இருக்க வேண்டும், நினைத்ததெல்லாம் கைகூட வேண்டும், உடம்பில் ஒரு கீறல் இல்லாமல் வீடு வந்து சேர வேண்டும், அப்பாவும் இதையேதான் சொல்லச் சொன்னார். இருமலுக்குச் சுடுதண்ணீர் குடி, மூக்கை மூடிக்கொண்டு வேலை பார். வாண்டு தன் முத்தத்தை அனுப்பச் சொன்னாள், அது தபாலில் நசுங்காது என்று நம்புகிறேன். ஒன்றை மட்டும் மறக்காதே. இதோடு டீச்சர் கொடுத்த கேள்வித்தாளும் கொஞ்சம் வெள்ளைத் தாளும் ஒரு பென்சிலும் வைத்திருக்கிறேன். உன் கம்பெனி வண்டி அடுத்த தபால் எடுக்க வருகிற அன்றைக்கு நீ எந்த வரியில் நின்றுகொண்டிருக்கிறாயோ, அந்த வரியோடு அப்படியே எங்களுக்கு அனுப்பு.

ஆசையோடும் ஆசீர்வாதத்தோடும்,
உன் அம்மா